வாசகர் கேள்வி பதில்: கேத்தலைத் திட்டாதீர்கள், ஃபேனைப் பாருங்கள்

கரண்ட் பில் பற்றி வந்த கடிதங்களை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால், முக்கால்வாசிப் பேருக்கு இருப்பது ஒரே சிக்கல்தான். வாட்டையும் யூனிட்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் குறைக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ குறைக்கிறார்கள், பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் இருக்கிறார்கள். இந்த முறை முழுப் பக்கத்தையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறோம். கேத்தலில் 2000 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு மகன் அதைத் தொடவே விடுகிறானில்லை. ஹோலில் ஃபேன் காலையிலிருந்து ஓடுகிறது, கேட்டால் அது வெறும் 70 வாட்தானே அம்மா என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள்தான் சரி அம்மா. மகன் வாட்டைப் பார்க்கிறார், நேரத்தைப் பார்க்கவில்லை.

வாட் என்பது வலு. ஒரு சாமான் இந்த நொடியில் எவ்வளவு வேகமாகக் கரண்ட் எடுக்கிறது என்பதைச் சொல்வது, அவ்வளவுதான். யூனிட் என்பது சக்தி, அதாவது மொத்தமாக எடுத்து முடித்த அளவு. ஆட்டோவில் காலி வீதியால் போகும்போது வேகமுள் 40 காட்டும், 60 காட்டும், அதற்கு யாரும் காசு கேட்பதில்லை, போன தூரத்துக்குத்தான் கேட்கிறார்கள். வாட் வேகம், யூனிட் தூரம். 1000 வாட் சாமான் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட். 100 வாட் சாமான் பத்து மணித்தியாலம் ஓடினாலும் அதே ஒரு யூனிட்தான். பில்லில் கிலோவாட் மணி என்று அச்சடித்திருப்பது இந்தப் பெருக்கலைத்தான். ‘ஒரு மணித்தியாலத்துக்கு இத்தனை கிலோவாட்’ என்று அதைப் பலர் வாசிக்கிறார்கள். அப்படி வாசித்தால் பிறகு எந்தக் கணக்கும் சரிவராது.

இனி உங்கள் கேத்தலுக்கு வருவோம். கொழும்பில் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய 30 பாகையில் வரும். ஒன்றரை லீட்டரைக் கொதிக்க வைக்க 70 பாகை ஏற்ற வேண்டும், அதற்குத் தேவையான சக்தி சுமார் நாலரை லட்சம் ஜூல். ஒரு யூனிட்டில் 36 லட்சம் ஜூல் இருக்கிறது. ஆக யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு. நேரம் பார்த்தால் நாலு நிமிடம் அளவில் வரும். ஒரு நாளைக்கு நாலு தடவை முழுக் கேத்தல் வைத்தாலும் அரை யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஃபேன் 70 வாட், காலை ஏழிலிருந்து இரவு பத்து வரை 15 மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட்டுக்கு மேல் போய்விடும். மாதக் கணக்கில் ஃபேனுக்கு முப்பதுக்கு மேல், கேத்தலுக்குப் பதினாறு. வாட் கணக்கில் ஏறக்குறைய முப்பது மடங்கு சின்னதாக இருக்கிற சாமான், யூனிட் கணக்கில் இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது.

அதற்காகக் கொழும்பு வெக்கையில் ஃபேனை நிறுத்திவிட்டு வேர்த்துக்கொண்டு இருங்கள் என்று சொல்லவில்லை. ஆள் இல்லாத அறையில் ஓடுகிற ஃபேனை நிறுத்துங்கள், அது போதும். அடுத்த முறை ஃபேன் வாங்கும்போது 30, 35 வாட்டில் வருகிற பி.எல்.டி.சி. மோட்டர் ஃபேனைக் கேளுங்கள், அதே காற்றுக்குப் பாதி யூனிட்தான்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் மகனுக்குச் சொல்லுங்கள். 2000 வாட் கேத்தலை மாற்றி 1000 வாட் கேத்தல் வாங்கினால் ஒரு சதமும் மிச்சமாகாது. தண்ணீருக்கு வேண்டிய சக்தி மாறப்போவதில்லை, கொதிக்க இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், அந்த நேரத்தில் கேத்தலின் உடம்பால் வெளியே போகிற சூடும் கூடும், கடைசியில் துளி அதிகமாகத்தான் செலவாகும். இரண்டு பேருக்குத் தேத்தண்ணி என்றால் இரண்டு கோப்பைத் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். கேத்தலில் மிச்சம் பிடிக்க அந்த ஒரு வழிதான் இருக்கிறது.

கேள்வி: காலையில் கேத்தல், அயன், ரைஸ் குக்கர் மூன்றும் ஒன்றாகப் போட்டால் ‘டக்’ என்று சுவிட்ச் விழுகிறது. கரண்ட் கூடுதலாக இழுக்கிறது, பில்லும் ஏறுகிறது என்று அர்த்தமா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: விழுவது உண்மை. பில் ஏறுகிறது என்பது மட்டும் பிழை. அந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டாலும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாலும் யூனிட் ஒன்றுதான். மாறுவது வலு. அந்த வலுவைச் சுமக்க வேண்டியது உங்கள் வீட்டு வயர்.

நம் நாட்டில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். வாட்டை 230 ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும். கேத்தல் 2000 வாட், ஏறக்குறைய 8.7 ஆம்பியர். அயன் 1000 என்றால் 4.3. ரைஸ் குக்கர் 700 என்றால் 3. கூட்டிப் பார்த்தால் 16 ஆம்பியர். மூன்றும் ஒரே லைனில் இருந்து, அந்த லைனுக்கு 16 ஆம்பியர் பிரேக்கர், அதாவது பாரம் கூடினால் தானாக விழுகிற சுவிட்ச், போட்டிருந்தால் அது விளிம்பில் நிற்கிறது, பக்கத்தில் ஒரு பிளெண்டரைப் போட்டாலே விழக்கூடும். பெரும்பாலான வீடுகளுக்கு 30 ஆம்பியர் இணைப்புத்தான், அதாவது முழு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் கூடியது 6.9 கிலோவாட். குளியலறையில் உடனடி ஹீட்டர் இருந்தால் அது ஒன்றே 3.5 இலிருந்து 5.5 கிலோவாட் வரை எடுக்கும். அதனால்தான் அதற்குத் தனி லைன் இழுக்க வேண்டும் என்கிறோம். ஐந்து நிமிடம் குளித்தால் அரை யூனிட் கூடப் போகாது, ஆனால் அந்த ஐந்து நிமிடமும் மெல்லிய வயராக இருந்தால் உருகிவிடும்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது எக்ஸ்டென்ஷன் கோட். நாம் இப்போது பாவிக்கிற சதுரக் கால் பிளக் 13 ஆம்பியர், அதாவது சுமார் 3 கிலோவாட். சுவரில் ஒரு பிளக். அதில் ஒரு கோட். அந்தக் கோட்டில் நாலு ஓட்டை. ஓட்டை நாலு இருந்தாலும் எல்லாக் கரண்டும் வருவது அந்த ஒரு பிளக் வழியாகத்தான். கேத்தலையும் அயனையும் அதில் ஒன்றாகச் சொருகினால் 13 ஆம்பியரைத் தொட்டுவிடும். மலிவான கோட்டுகளில் பிளக்குக்குள் ஃபியூஸே இருப்பதில்லை, உள்ளே இருக்கிற செப்பும் மயிர் போல மெல்லியது. வயரில் கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்காகாது, நாலு மடங்காகும். இன்றைக்கே ஒரு தடவை கேத்தல் கொதித்து முடிந்ததும் அந்தப் பிளக்கைக் கழற்றி அதன் கால்களை விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு என்றால் சரி, விரலை எடுக்க வேண்டியதாக இருந்தால் அந்த சொக்கெட்டை உடனே மாற்ற வேண்டும். பிளக்கைச் சுற்றிச் சுவரில் மஞ்சளாகவோ கபிலமாகவோ கறை படிந்திருந்தாலும் அதே கதைதான்.

‘சுவிட்ச் விழுகிறது’ என்கிறீர்களே, எந்தச் சுவிட்ச் என்று கவனித்தீர்களா? வீட்டு லைன்களைப் பிரிக்கிற டி.பி. பெட்டியில் சின்னச் சின்னதாக வரிசையில் இருப்பவை பிரேக்கர்கள், அவை பாரம் கூடினால் விழும். டெஸ்ட் என்று பொத்தான் வைத்த அகலமானது ட்ரிப் சுவிட்ச். அதற்குப் பாரம் பற்றிக் கவலை இல்லை. போன கரண்ட் அதே வழியில் திரும்பி வரவில்லை, எங்கோ ஒழுகி நிலத்துக்குப் போகிறது என்றால்தான் அது விழும். வீடுகளில் உள்ளவை 30 மில்லி ஆம்பியர் ஒழுக்குக்குள் விழும்படி செய்யப்பட்டவை. அகலமானது விழுந்தால் ஏதோ ஒரு சாமானோ வயரோ உள்ளுக்குள் பழுதடைந்திருக்கிறது என்று அர்த்தம், சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து எது என்று கண்டுபிடியுங்கள். அந்த ட்ரிப் சுவிட்சை விலக்கிவிட்டு வயரை நேரடியாக இணைத்துவிட்டுப் போகிற எலெக்ட்ரிக் ‘பாஸ்’மார் இருக்கிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள். அது ஆளைக் காப்பாற்றுகிற சாமான். மாதம் ஒரு தடவை டெஸ்ட் பொத்தானை அழுத்தி விழுகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஏசி 12,000 பி.டி.யூ. என்றால் 12,000 வாட்டா? கடைக்காரர் 1100 வாட் என்கிறார், பொய் சொல்கிறாரா?

பதில்: இல்லை, உண்மையைத்தான் சொல்கிறார். அந்த 12,000 ஒரு மணித்தியாலத்தில் அறையிலிருந்து வெளியே அள்ளிப் போடுகிற வெப்பத்தின் அளவு, வாட்டில் சொன்னால் சுமார் 3500. ஏசி வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது, அதனால் 1100 வாட் கரண்ட் எடுத்து 3500 வாட் வெப்பத்தை வெளியேற்ற முடிகிறது. பில்லுக்கு 1100தான் கணக்கு. அதுவும் இரவு முழுக்க 1100 அல்ல, அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் நின்று நின்று ஓடும், இன்வேர்ட்டர் ஏசி என்றால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எட்டு மணித்தியாலத்துக்கு ஐந்து யூனிட் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். 20 பாகையில் வைத்துப் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுப்பதை விட்டு 26இல் வைத்து ஃபேனையும் மெல்லப் போட்டால் கம்ப்ரசர் ஓடுகிற நேரம் நன்றாகக் குறையும்.

ஃப்ரிட்ஜும் இப்படித்தான். ஸ்டிக்கரில் 120 வாட் என்று இருப்பதை 24 ஆல் பெருக்கிப் பயப்பட வேண்டாம், அது இடைவிட்டு ஓடுகிற சாமான். கதவு ரப்பர் தளர்ந்திருந்தால் மட்டும் இடைவிடாமல் ஓடும். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்துப் பூட்டிவிட்டு இழுங்கள், இலேசாக உருவி வந்தால் ரப்பரை மாற்ற வேண்டிய நேரம்.

கேள்வி: தெஹிவளையில் ஒரு அனெக்ஸில் வாடகைக்கு இருக்கிறோம். எங்களுக்கு ஒரு சப் மீட்டர் இருக்கிறது. நாங்கள் எரிப்பது மாதம் 80 யூனிட்தான், ஆனால் வீட்டுக்காரர் அன்ட்டி கேட்கிற காசு, என் அக்கா வீட்டில் 80 யூனிட்டுக்கு வருகிற பில்லைவிட எவ்வளவோ கூட. மீட்டர் பிழையா?

பதில்: மீட்டர் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். யூனிட் ஒன்றாக இருந்தும் விலை மாறுவதற்குக் காரணம் நம் கட்டண முறை. வீட்டு இணைப்புகளுக்கு யூனிட் கூடக் கூட ஒவ்வொரு யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும். 30 நாளில் 60 யூனிட்டுக்குள் நின்றவருக்கு ஒரு விலைப் பட்டியல். 60ஐத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு பட்டியல். பிறகு 90, 120, 180 என்று படிகள், அதோடு நிலையான கட்டணமும் ஏறும். உங்கள் அக்கா வீட்டுக்குத் தனி இணைப்பு, 80 யூனிட்டோடு இரண்டாவது படியில் நின்றுவிட்டார். உங்கள் 80 அன்ட்டி வீட்டு மீட்டருக்குள்தான் ஓடுகிறது. அவர்கள் 150 எரித்தால் மொத்தம் 230, அதாவது உச்சப் படி.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஆனால் பிரிக்கிற விதத்தில் நியாயம் இருக்க வேண்டும். ‘உங்களால்தான் உச்சப் படிக்குப் போனது, ஆகவே உங்கள் 80க்கும் உச்ச விலை’ என்று சில வீட்டுக்காரர்கள் கணக்குப் போடுகிறார்கள், அது சரியல்ல. உச்சப் படிக்கு இரண்டு வீடும் சேர்ந்துதான் போனது. பில்லின் முழுத் தொகையை, நிலையான கட்டணத்தையும் சேர்த்து, 230 ஆல் வகுத்து, வருகிற தொகையை 80 ஆல் பெருக்குங்கள். மாதா மாதம் பில்லைக் காட்டச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. விலைகள் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் அனுமதியோடு அடிக்கடி மாறுவதால் போன வருட விலையை வைத்துச் சண்டை பிடிக்க வேண்டாம்.

மீட்டர் பார்க்கிறவர் பிந்தி வந்தால் படி ஏறிவிடும் என்றும் சிலர் பயந்து எழுதியிருக்கிறார்கள். ஏறாது. இடைப்பட்ட நாட்களுக்கு ஏற்ப படியும் நீளும். 35 நாளில் வந்தால் 60 யூனிட் படி 70 ஆகிவிடும்.

கேள்வி: இரவு பத்தரைக்குப் பிறகு அயன் பண்ணினால் பில் குறையும் என்கிறார்களே?

பதில்: நேரத்துக்கு நேரம் விலை மாறுகிற கட்டண முறையில் நீங்கள் சேர்ந்திருந்தால் குறையும், அதில் மாலை 6.30 முதல் 10.30 வரைதான் விலை கூடிய நேரம். சாதாரணப் படி முறை பில் என்றால் எந்த மணிக்கு எரித்தாலும் யூனிட் யூனிட்தான், பில்லில் ஒரு வித்தியாசமும் வராது. ஆனாலும் அந்த நாலு மணித்தியாலத்தைத் தவிர்ப்பது நல்லது, ஏனென்றால் நாடு முழுக்க எல்லா வீட்டிலும் லைட், டிவி, அயன், மோட்டர் ஒன்றாக ஓடுகிற நேரம் அது, வலு உச்சத்துக்குப் போகும். அந்த உச்சத்தைச் சமாளிக்கத்தான் டீசல் எரிக்கிற விலை கூடிய நிலையங்களைத் திறக்கிறார்கள். அந்தச் செலவு கடைசியில் எல்லோருடைய கட்டணத்திலும் சேரும்.

கேள்வி: 2022 மின்வெட்டில் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. அப்படி ஒன்று திரும்ப வந்தால் என்று, கரண்ட் போனதும் பெட்டரியிலிருந்து கரண்ட் தருகிற இன்வேர்ட்டர் ஒன்று வாங்க யோசிக்கிறேன். 1000 வி.ஏ. இன்வேர்ட்டர், 150 ஆம்பியர் மணி பெட்டரி என்று கடையில் சொல்கிறார்கள். எத்தனை மணித்தியாலம் தாங்கும்? (மட்டக்குளி வாசகர்)

பதில்: அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, யார் மறப்பது! புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போவதற்கு முன் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

அங்கே இரண்டு எண் சொல்கிறார்கள், இரண்டும் வேறு வேறு வேலை. இன்வேர்ட்டரின் எண் வலு. ஒரே நேரத்தில் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது அது, 1000 வி.ஏ. என்றால் சாதாரணமாக 800 வாட் அளவில் எடுக்கலாம். பெட்டரியின் எண்ணை வோல்ட்டால் பெருக்கினால் சக்தி வரும். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி, பெருக்கினால் 1800 வாட் மணி, அதாவது 1.8 யூனிட். ஆனால் ஈய அமிலப் பெட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், ஆகவே 900. இன்வேர்ட்டருக்குள் கொஞ்சம் சூடாகப் போய்விடும், கையில் மிஞ்சுவது 750 வாட் மணி அளவில்.

இரண்டு ஃபேன் 140 வாட், நாலு எல்.ஈ.டி. பல்பு 36, ரவுட்டர் 10, மொத்தம் 186. 750ஐ 186 ஆல் வகுத்தால் நாலு மணித்தியாலம். பிள்ளைகள் படிக்கவும் தூங்கவும் அது போதும். ரைஸ் குக்கர் 700 வாட், இன்வேர்ட்டர் தாங்கும், ஆனால் ஒரு சோறு வேகும்போதே பெட்டரியின் பெரும் பங்கு போய்விடும். கேத்தல் போட்டால் இன்வேர்ட்டரே நின்றுவிடும், பெட்டரி நிறைய இருந்தாலும் பிரயோசனம் இல்லை. ஃப்ரிட்ஜ் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்கும், அதைக் கடையில் தனியாகக் கேளுங்கள். கடைக்காரர் ‘பெரிய இன்வேர்ட்டர் போடுங்கள் அண்ணே, கனநேரம் நிற்கும்’ என்று சொன்னால் நம்ப வேண்டாம், இன்வேர்ட்டரைப் பெரிதாக்கினால் பாரம் கூடப் போடலாம், நேரம் கூடாது. நேரத்துக்கு பெட்டரிதான் பெரிதாக வேண்டும்.

கேள்வி: கூரையில் 5 கிலோவாட் சோலார் போட்டோம். ஒரு நாளைக்கு 120 யூனிட் வரும் என்று கணக்குப் பார்த்தேன், 18, 20தான் வருகிறது.

பதில்: அது நல்ல உற்பத்தி, குறை சொல்ல ஒன்றுமில்லை. 5 கிலோவாட் என்பது நல்ல வெயிலில் உச்சத்தில் தரக்கூடிய வலு. காலையும் மாலையும் மேகமும் சேர்ந்த நாளை முழு வெயிலாகச் சுருக்கினால் நம் பக்கத்தில் நாலு மணித்தியாலம் அளவில்தான் வரும். 2025 சித்திரைப் புத்தாண்டு நேரம் கூரைச் சோலார்களைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டதும் இந்த வலு விஷயத்தால்தான். தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் பூட்டி, எடுக்க ஆளில்லாத பகலில் வலு மிதமிஞ்சி வந்தால் முழு வலையமைப்பும் தடுமாறும். எத்தனை யூனிட் என்பது மட்டுமல்ல, எந்த நேரத்தில் என்பதும் நாட்டுக்கு முக்கியம்.

கேள்வி: எங்கள் வீட்டுச் சாமான் எது எவ்வளவு எடுக்கிறது என்று காசு செலவழிக்காமல் பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு, உங்கள் மீட்டரிலேயே. டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் 1000, 1600, 3200 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும், ஒரு யூனிட்டுக்கு அத்தனை தடவை மின்னும் என்பது அதன் பொருள். வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பார்க்க வேண்டிய சாமானை மட்டும் போடுங்கள். போனில் 36 நொடி வைத்து எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணுங்கள். 1000 மீட்டர் என்றால் ஒரு மின்னலுக்கு 100 வாட்: 20 தடவை மின்னினால் 2000 வாட். 1600 மீட்டர் என்றால் ஒரு மின்னலுக்கு 62.5 வாட். ஃபேன் போன்ற சின்னச் சாமானுக்கு ஆறு நிமிடம் எண்ணி வந்ததைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை எண்ண விடுங்கள், விஞ்ஞானப் பாடத்தில் படிக்கிற வலுவும் சக்தியும் அங்கேயே விளங்கிவிடும். எல்லாவற்றையும் நிறுத்தின பிறகும் மின்னினால் எங்கோ ஏதோ ஓடுகிறது, தேடுங்கள்.

கேள்வி: போன் சார்ஜரைப் பிளக்கில் விட்டால் எவ்வளவு போகும்?

பதில்: நல்ல சார்ஜர் என்றால் மாதம் முழுக்க விட்டாலும் யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு கூடப் போகாது. போனைக் கூட ஒரு யூனிட்டில் நாற்பது தடவை அளவில் முழுதாகச் சார்ஜ் பண்ணலாம். டிவிக்குப் பக்கத்தில் இருக்கிற கேபிள் பெட்டியைப் பாருங்கள். ரிமோட்டால் நிறுத்தின பிறகும் கை வைத்தால் சூடாக இருந்தால் அது பத்து வாட் அளவில் எடுத்துக்கொண்டே இருக்கும், மாதம் ஏழு யூனிட். அதைப் பிளக்கிலேயே நிறுத்துங்கள்.